குப்பைமேடும் ஒரு பிடி மண்ணும்

நாவல் எழுதுகிறவனுக்குக் குப்பைமேட்டைப் பற்றி என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் குப்பையைத் தேடிப் போகவில்லை. ஒரு வீட்டின் கதையைத் தேடித்தான் போனேன். இடிந்துபோன வீடுகளைப் பற்றிப் படிப்பது என் பழைய பலவீனம். வெள்ளத்தில் போன வீடு, பூகம்பத்தில் போன வீடு, கடனில் போன வீடு என்று எத்தனையோ உண்டு. அப்படிப் படித்துக்கொண்டு போகையில், இவற்றில் எதிலும் சேராத ஒரு வீடு எதிர்ப்பட்டது. அது காற்றில் போன வீடு. புயல் காற்று அல்ல. பூமிக்குள்ளிருந்து, சத்தமில்லாமல், கண்ணுக்குத் தெரியாமல் வந்த காற்று.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் என்று ஒரு ஜில்லா உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன பிரதேசம். அங்கே லாஸ்கோ என்று ஒரு சிறு கிராமம். செங்கல்லுக்காகக் களிமண் வெட்டி எடுத்த பெரும் பள்ளம் ஒன்று அங்கே கிடந்தது. பள்ளம் இருந்தால் மனிதன் சும்மா விடுவானா? ஊர்க் குப்பையைக் கொட்டி அதை நிரப்பினார்கள். நிரம்பிற்று. அதற்கு நூறு மீட்டர்கூட இல்லாத தூரத்தில் வரிசையாக வீடுகள். 1986 மார்ச் 24ஆம் தேதி காலை ஆறரை மணி வாக்கில், அந்த வரிசையில் ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமாயிற்று. உள்ளே இருந்த மூன்று பேரும் பலத்த காயம் அடைந்தார்கள். ஆனால் உயிர் பிழைத்தார்கள். அந்த வீட்டின் கதியைப் பார்த்தவர்கள் அதை அதிசயம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்குள் வெடிமருந்து இல்லை. குப்பைப் பள்ளத்தில் உண்டான வாயு, பூமிக்குள் இருந்த மணற்பாறை அடுக்குகளின் வழியாகவும், பழைய சுரங்கவேலையால் ஏற்பட்டிருந்த பிளவுகளின் வழியாகவும் பக்கவாட்டில் ஊர்ந்து வந்து, வீட்டின் தரைக்கு அடியில் குடியேறியிருந்தது. ஒரு பொறிக்காகத்தான் அது காத்திருந்தது.

இதில் என் மனத்தை உறுத்திய விவரம் இன்னொன்று. அன்றைக்குப் பாரமானி திடீரென்று இறங்கிற்று. ஏழு மணி நேரத்தில் 29 மில்லிபார். புயல் வரும்போது இறங்குமே, அதுபோன்ற இறக்கம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தால், பூமிக்குள் அடைபட்டிருக்கும் வாயு விரிந்து வெளியே வரப் பார்க்கும். நாம் மூச்சு விடுவதுபோல நிலமும் விடுகிறது. அழுத்தம் ஏறும்போது உள்ளே இழுக்கிறது; இறங்கும்போது வெளியே விடுகிறது. அன்று அதிகாலையில் லாஸ்கோ நிலம் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. மூச்சு போய்ச் சேர்ந்த இடம் ஒரு குடும்பத்தின் படுக்கை அறைக்கு அடியில்.

இந்த வாயு எது? பெயர் மீதேன். நம் கிராமங்களில் சாணத்தைக் கலத்தில் அடைத்து அடுப்பு எரிக்கிறார்களே, அதே வாயுதான். இதை முதன்முதலில் முறையாகப் பிடித்து ஆராய்ந்தவர் இத்தாலியரான வோல்டா. மின்சாரக் கலத்தைக் கண்டுபிடித்து உலகப் புகழ் அடைவதற்கு வெகு காலம் முன்பு, 1776ஆம் வருஷம், அவர் மஜோரே ஏரிக்கரையில் சேற்றைக் கம்பால் கிளறினார். குமிழிகள் கிளம்பின. அவற்றைக் குப்பியில் பிடித்து நெருப்பைக் காட்டினார், எரிந்தது. ஏரிச் சேற்றில் அழுகும் இலைதழைகளே இந்த வாயுவுக்குத் தாய் என்று அவர் ஊகித்தார். ஊகம் சரி.

அழுகுவதிலும் இரண்டு விதம் உண்டு. காற்றோட்டத்தில் அழுகினால் கரியமிலவாயுவும் தண்ணீரும் மிஞ்சும். காற்றே படாமல் அடைபட்டு அழுகினால் மீதேன் பிறக்கும். குப்பையைப் பள்ளத்தில் கொட்டி நெருக்கி மூடிவிட்டால், உள்ளே இருக்கிற பிராணவாயு சீக்கிரத்தில் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களின் ராஜ்யம். அந்த ராஜ்யத்தின் வரி வசூல் முப்பது வருஷம், ஐம்பது வருஷம் என்று நடந்துகொண்டே இருக்கும். வெளியே வருகிற வாயுவில் ஏறக்குறையப் பாதி மீதேன். மீதியில் பெரும்பகுதி கரியமிலவாயு. மீதேன் சாதாரணக் காற்றோடு நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்குவரை கலந்தால் வெடிக்கும் பதம்.

பட்டம் வாங்காமல் கல்லூரிப் படியை இறங்கிவிட்டவன் நான். அங்கே இரண்டு வருஷம் படித்த ரசாயனத்தில் எனக்கு நினைவில் நிற்பது ஆய்வுக்கூடத்தின் வாடை மட்டுமே. ஆகவே இந்த விஷயத்தைக் கதை கேட்கிறவனின் புத்தியோடுதான் தொடர்ந்து போனேன். கதை கேட்கிறவன் முதலில் கேட்பது, "யார் இதை ஆரம்பித்தது?" என்பதுதானே?

குப்பையை மண்போட்டு மூடும் வழக்கம் மிகப் பழையது. எங்கள் கிராமத்தில் உரக்குழி நிறைந்ததும் என் தகப்பனார் அதன்மேல் மண்ணைக் கொட்டிச் சாணியால் மெழுகுவார். ஈ வராது, வாடை வராது, உரமும் கெடாது என்பது அவர் கணக்கு. இதையே ஒரு நகரத்தின் திட்டமாக, யந்திரங்களோடு செய்துகாட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் வின்சென்ஸ் என்ற எஞ்சினீயர். 1937இல் ஃப்ரெஸ்னோ நகரத்தில் அவர் ஒரு முறையை ஏற்படுத்தினார். நீளமாக அகழி வெட்டுவது. குப்பையை அதில் கொட்டி அழுத்துவது. அன்றன்று மாலை மண்போட்டு மூடிவிடுவது. எலியும் ஈயும் நெருப்பும் நாற்றமும் ஒரே வீச்சில் அடங்கின. உலகத்தின் நகரசபைகள் பலவும் இந்த வழியில் நடந்தன.

2001இல் அமெரிக்க சர்க்கார் அந்த ஃப்ரெஸ்னோ குப்பைமேட்டைத் தேசிய சரித்திரச் சின்னமாக அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், 1983இலேயே அந்த மேட்டிலிருந்து மீதேன் கசிவது தெரிந்துவிட்டது. 1989இல் அதே இடம் அபாயமான மாசு நிறைந்த ஸ்தலங்களின் ஜாபிதாவில் ஏறியிருந்தது. ஒரே நிலத்துக்கு ஒரு கையில் மாலை, ஒரு கையில் விலங்கு! வின்சென்ஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் காலத்துப் பிரச்னை எலியும் ஈயும். அதை அவர் தீர்த்தார். மண்ணை அவர் ஒரு திரையாகப் பார்த்தார். திரைக்குப் பின்னால் நடப்பதைப் பற்றி அந்த நாளில் யாரும் அதிகமாகக் கவலைப்படவில்லை.

கவலைப்பட வைத்தது 1969ஆம் வருஷம். அமெரிக்காவின் வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் என்ற ஊர். அங்கே காவற்படையின் ஆயுதச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு குப்பைமேடு. வாயு நிலத்தடியில் நகர்ந்து கட்டடத்தின் நிலவறைக்குள் புகுந்திருந்தது. பற்றவைத்த ஒரு சிகரெட்டு போதுமானதாயிற்று. மூன்று பேர் மாண்டார்கள். ஐந்து பேருக்குக் கடுமையான காயம். பதினேழு வருஷம் கழித்து லாஸ்கோ.

இந்த விபத்துகளிலிருந்து எஞ்சினீயர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒரு விதத்தில் விசித்திரமானது. மழைத்தண்ணீர் குப்பைக்குள் இறங்கினால் நஞ்சு ஊறிய கஷாயமாகக் கீழே வடிந்து கிணறுகளைக் கெடுக்கும். ஆகவே மேலே கெட்டியான களிமண் மூடி போட வேண்டும் என்று ஒரு கட்சி. நியாயம்தான். ஆனால் சோற்றுப்பானையை எவ்வளவு இறுக மூடினாலும் ஆவி சும்மா இருக்குமா? மேலே போக வழி இல்லாவிட்டால் பக்கவாட்டில் போகும். மூடி கெட்டியாகக் கெட்டியாக, அண்டை வீட்டுக்காரனுக்கு ஆபத்து அதிகம். இதைச் சமாளிக்க, குப்பைக்குள் குழாய்களை இறக்கி வாயுவை உறிஞ்சி எடுத்து எரித்துவிடுவது என்று அடுத்த ஏற்பாடு வந்தது. 1975இல் கலிபோர்னியாவில் பாலோஸ் வெர்டெஸ் குப்பைமேட்டில் இந்த வாயுவைச் சேகரித்து எரிபொருளாகவே உபயோகிக்கத் தொடங்கினார்கள்.

லாஸ்கோவுக்குப் பிறகு இங்கிலாந்தில் பகிரங்க விசாரணை நடந்தது. குப்பைமேட்டிலிருந்து 250 மீட்டருக்குள் வீடு கட்ட விரும்பினால் குப்பை நிர்வாக அதிகாரிகளைக் கலந்து ஆலோசிக்க வேண்டும் என்று 1988இல் விதி வந்தது. 1989இல் குப்பை வாயுவைக் கட்டுப்படுத்துவது பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி நூலே சர்க்கார் வெளியிட்டது. ஒரு வீடு இடிந்த சத்தம் இத்தனை காகிதங்களை அசைத்தது.

சுரங்கப் பிரதேசத்தில் வெடித்தால், "இது குப்பை வாயுவா, நிலக்கரி வாயுவா?" என்ற வழக்கு எழுவது சகஜம். பழி யார்மேல் என்பதல்லவா கேள்வி! இந்த வழக்கைத் தீர்க்க ஒரு அழகான சாட்சி உண்டு. உயிருள்ள பொருள்கள் எல்லாவற்றிலும் கதிரியக்கமுள்ள கரி கொஞ்சம் கலந்திருக்கும். அது ஆயிரக்கணக்கான வருஷங்களில் மெல்ல மெல்ல அழியும். நிலக்கரி பல கோடி வருஷப் பழசு. அதில் அந்தக் கரி மிச்சமே இராது. நேற்று எறிந்த காய்கறித் தோலிலும் காகிதத்திலும் அது இருக்கும். வாயுவைச் சோதித்தால் அது தாத்தாவா, பேரனா என்று தெரிந்துவிடும். லாஸ்கோவில் விசாரித்தவர்கள் வந்த முடிவு, குற்றவாளி குப்பைப் பள்ளமே என்பது.

இதுவரை சொன்னது மண்ணைத் திரையாகவும் மூடியாகவும் பார்த்தவர்களின் கதை. மண்ணுக்கு உயிர் உண்டு என்று பார்த்தவர்களின் கதை வேறு. அது இன்னும் முன்னாலேயே, ஹாலந்து தேசத்தில், ஒரு மாணவனின் சந்தேகத்தோடு தொடங்குகிறது.

டெல்ஃப்ட் நகரத்தில் பெய்ஜெரிங்க் என்ற புகழ்பெற்ற நுண்ணுயிர் ஆராய்ச்சியாளரிடம் ஸோங்கென் என்பவர் பயின்றுகொண்டிருந்தார். உலகத்துச் சதுப்பு நிலங்களெல்லாம் மீதேனைக் கக்குகின்றன. மாடுகள் ஓயாமல் ஏப்பம் விடுகின்றன. இத்தனை வாயுவும் போய்ச் சேரும் இடம் எது? ஆகாயத்தில் அது குவிந்து கிடப்பதாகக் காணோமே! வழியில் யாரோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி யோசித்துத் தேடியவர், 1906இல் மீதேனையே ஆகாரமாகக் கொண்டு வாழும் ஒரு நுண்ணுயிரை வளர்த்துக் காட்டினார். ஒரு பங்கு மீதேனை இரண்டு பங்கு பிராணவாயுவோடு சேர்த்து அது எரிக்கிறது. நெருப்பில்லாத எரிப்பு. மிஞ்சுவது கரியமிலவாயு, தண்ணீர், கொஞ்சம் வெதுவெதுப்பு. அந்த வெதுவெதுப்பில் அதன் ஜீவனம்.

இந்தக் கண்டுபிடிப்பு அறுபது வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் நுண்ணுயிர் சாஸ்திரிகளின் அலமாரியில் கிடந்தது. 1970இல் விட்டன்பரியும் அவரது சகாக்களும் மீதேன் தின்னும் நுண்ணுயிர்களை நூற்றுக்கு மேற்பட்ட வகைகளாகப் பிரித்தெடுத்தார்கள். சேறு, குளம், வயல், தோட்டம் என்று தேடிய இடமெல்லாம் அவை அகப்பட்டன.

அதே சமயத்தில் ஹாலந்தில் சாலையோரத்து மரங்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. அந்த மரங்களின் கதையைக் கேட்டால் துப்பறியும் நாவல் தோற்றுப்போகும். 1959இல் ஹாலந்தின் வடக்கே ஸ்லொக்டரென் என்ற இடத்தில் பூமிக்கடியில் பெரும் இயற்கை வாயுக் களஞ்சியம் அகப்பட்டது. அதுவரை நகரங்களில் நிலக்கரியிலிருந்து காய்ச்சிய ஈரமான வாயு குழாய்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக உலர்ந்த இயற்கை வாயுவை அதே பழைய குழாய்களில் விட்டார்கள். குழாய் மூட்டுகளில் திணித்திருந்த சணல் ஈரம் இல்லாமல் காய்ந்து சுருங்கிற்று. வாயு கசிந்தது. மரங்கள் மாண்டன.

இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீதேன். மீதேன் மரத்துக்கு நேரடியான விஷம் இல்லை. பின் கொலை செய்தது யார்? 1972இல் வாகனிங்கென் விவசாய சர்வகலாசாலையில் ஹூக்ஸ் என்பவர் இந்த முடிச்சை அவிழ்த்தார். கசிந்த வாயுவைக் கண்டதும் மண்ணிலிருந்த மீதேன் தின்னிகளுக்குக் கொண்டாட்டம். விருந்து உண்ணுகிற மும்முரத்தில், மண்ணிலிருந்த பிராணவாயு முழுவதையும் அவையே உறிஞ்சித் தீர்த்துவிட்டன. வேர்களுக்கு மூச்சு இல்லை. மரம் திணறிச் செத்தது.

இந்தச் சம்பவத்தைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் முழுவதும் பிடிபட்டது. அந்த ஜீவன்களுக்கு மீதேன் பற்றாக்குறை வருவதில்லை. பற்றாக்குறை வருவது காற்றுக்குத்தான். ஒரு படி மீதேனை எரிக்க ஏறக்குறையப் பத்துப் படி காற்று வேண்டும். காற்று கிடைத்தால் அவை எவ்வளவு தின்னும்? 1990இல் அலாஸ்கா சர்வகலாசாலையைச் சேர்ந்த வேலன், ரீபர்க் முதலியோர் குப்பைமேட்டு மேல்மண்ணைச் சோதித்து ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு சதுர மீட்டர் மண் ஒரு நாளைக்கு 45 கிராம் மீதேன்வரை தின்றது. 45 கிராம் என்றால் அலட்சியமாக இருக்கும். வாயுவாக அளந்தால் அது அறுபது, எழுபது லிட்டர். ஒரு கோலம் போடுகிற இடத்து மண், தினம் நாலைந்து குடம் வாயுவைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது!

பிறகென்ன, மண்ணைப் போட்டு மூடிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். அங்கேதான் எஞ்சினீயருக்கும் நுண்ணுயிருக்கும் சண்டை. எஞ்சினீயர் மண்ணை ரோலர் விட்டு இறுக்குகிறார். தண்ணீர் புகக்கூடாது என்பது அவர் கட்சி. நுண்ணுயிருக்குப் பொலபொலவென்ற மண் வேண்டும். காற்று புகவேண்டும் என்பது அதன் கட்சி. அடைமழையில் மண்ணின் நுண்துளைகளில் தண்ணீர் அடைத்துக்கொண்டால் காற்று இறங்காது. கோடையில் மண் வறண்டால் நுண்ணுயிர் முடங்கிவிடும். களிமண் வெடித்து, அந்த வெடிப்பு வழியே வாயு கையை வீசிக்கொண்டு வெளியேறும். குளிர் தேசத்துப் பனிக்காலத்தில் அவற்றுக்கு ஏறக்குறைய உறக்கம்தான். 25 முதல் 35 டிகிரிவரை வெப்பம் இருந்தால் உற்சாகம். ஆகவே ஒரே மேட்டில் ஒரு நாள் எல்லாம் எரியும், இன்னொரு நாள் ஒன்றும் எரியாது.

இந்த நிலையற்ற மண்ணுக்கு ஒரு மார்க் போட வேண்டி வந்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நாஷுவா என்ற ஊர்க் குப்பைமேட்டில் அளந்து, வருஷத்துச் சராசரியாக நூற்றுக்குப் பத்துப் பங்கு மீதேன் மேல்மண்ணில் எரிகிறது என்று 1996இல் எழுதினார்கள். ஒரு குளிர்ப் பிரதேசத்து மேட்டில் கிடைத்த எண் அது. ஆனால் எண்ணுக்கு ஒரு தனி ஜாதகம் உண்டு. ஒருமுறை புத்தகத்தில் ஏறிவிட்டால் பிறகு ஊர் ஊராகப் பிரயாணம் செய்யும். உலக நாடுகளின் வெப்பவாயுக் கணக்குக்காக 2006இல் வகுத்த விதிகளிலும், மண்ணால் ஒழுங்காக மூடிய மேடுகளுக்கு அந்தப் பத்தே இடம்பெற்றது. 2009இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், சராசரி நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வருகிறது என்றார்கள். அதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறவர்களுக்கும் நியாயம் உண்டு. மண் நிறையத் தின்கிறது என்று காகிதத்தில் எழுதிவிட்டால், வாயுவைப் பிடிக்கும் செலவைக் குறைத்துக்கொள்ள மேட்டின் சொந்தக்காரருக்கு ஆசை வராதா?

இந்த எண் சண்டையில் ஏன் இத்தனை உஷ்ணம் என்றால், மீதேனின் தீமை வெடிப்போடு முடியவில்லை. ஆகாயத்தில் கலந்துவிட்ட மீதேன் அங்கே பன்னிரண்டு வருஷம் போலத் தங்குகிறது. நூறு வருஷக் கணக்கில், எடைக்கு எடை, கரியமிலவாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் 80 மடங்குக்கும் மேல். லாஸ்கோவில் ஒரு வீட்டுக்கு அடியில் புகுந்த திருடன், இன்று எல்லார் வீட்டுக் கூரைக்கும் மேலே நிற்கிறான்.

பெரிய, புதிய மேடுகளில் குழாய் வைத்து உறிஞ்சி எரிக்கலாம். ஆனால் பழைய மேடுகளில் வாயு மெலிந்து, சுடர் பிடிக்காத நிலைக்கு வந்துவிடுகிறது. எரிக்கவும் முடியாது, விடவும் முடியாது. வயதான காலத்தில் யாருக்கும் பிரயோஜனமில்லை, தொந்தரவு மட்டும் போகவில்லை என்ற நிலை. இந்த அநாதை மேடுகளுக்காகத்தான் உயிர்ப்போர்வை என்ற யோசனை வந்தது.

வியன்னாவில் மரியோன் ஹூபர்-ஹூமரும் பேராசிரியர் லெக்னரும் 1990களில் இதில் முனைந்தார்கள். குப்பைமேல் முதலில் சரளைக்கல் பரப்பினார்கள். வாயு ஒரே இடத்தில் பீறிடாமல் எங்கும் சமமாகப் பரவுவதற்காக. அதன்மேல் ஒரு மீட்டர் அளவுக்கு நன்றாக மக்கின கம்போஸ்ட். களிமண் இல்லை, பொலபொலப்பான, ஈரம் தாங்குகிற, காற்று ஓடுகிற உரம். நகரத்துக் குப்பையிலிருந்தே செய்த உரம் அந்த நகரத்துக் குப்பைக்குப் போர்வையாயிற்று. "நன்றாக மக்கின" என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அரைகுறையாக மக்கின உரம் தானே பிராணவாயுவைக் குடிக்கும். தானே மீதேனும் விடும். வேலிக்கு வைத்த ஓணான் பயிரை மேய்ந்த கதையாகிவிடும். டென்மார்க் சர்க்கார் 2010களில் பழைய மேடுகளுக்கு இப்படிப்பட்ட போர்வை போட மானியமே கொடுக்க முன்வந்தது.

அடுத்த படி தானாக வந்தது. மேலிருந்து காற்று இறங்கும் ஆழம் கொஞ்சம்தான். கீழிருந்து வாயு தள்ளிக்கொண்டு வந்தால் அந்தக் காற்றும் விரட்டப்படும். அப்படியானால் மண்ணின் நடுவில் நாமே காற்றை ஊட்டினால் என்ன? துளையிட்ட குழாய்களை மண்ணுக்குள் படுக்கவைத்து, ஒரு சிறு துருத்தி யந்திரத்தால் மெல்லக் காற்றைச் செலுத்துவது. நோயாளியின் மூக்கில் குழாய் வைத்து மூச்சுக் கொடுப்பதுபோல. ஜெர்மனியில் காற்று ஊட்டிய மண் வடிகட்டிகளைச் சோதித்து 2006இல் எழுதினார்கள். காற்று ஊட்டாதவற்றைவிடப் பல மடங்கு வேகத்தில் மீதேன் எரிந்தது. ஆழத்தில் சும்மா கிடந்த மண்ணும் வேலைக்கு வந்துவிட்டது.

ஆனால் எந்த வரமும் நிபந்தனையோடுதானே வருகிறது? காற்றை அதிகம் ஊதினால் மண் காய்ந்துபோகும். அதிகம் ஊதினால் வாயு எரியாமலே வெளியே தள்ளப்படும். குறைவாக ஊதினால் பயனில்லை. நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்த நுண்ணுயிர்கள் ஒருவிதப் பசையைச் சுரந்து மண்ணின் துளைகளைத் தாமே அடைத்துக்கொள்கின்றன. வளம் வந்ததும் வாசலைச் சாத்திக்கொள்கிற மனிதர்களை நினைத்துக்கொண்டேன். உரத்தில் நைட்ரஜன் மிகுந்திருந்தால் நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வேறொரு வெப்பவாயு கிளம்புகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, யந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முப்பது வருஷத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது?

யந்திரமே இல்லாமல் காற்று ஊட்டிய ஒரு வழியையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் ஃபுகுவோகா சர்வகலாசாலையில் ஹனஷிமா என்ற பேராசிரியரும் அந்த நகரசபையும் சேர்ந்து 1970களில் இதைச் செய்தார்கள். குப்பைக்கு அடியில் கஷாயம் வடிவதற்குப் பெரிய குழாய் போடுவார்கள் அல்லவா? அந்தக் குழாயின் வாயை வெளிக்காற்றுக்குத் திறந்து வைத்தார்கள். குப்பை அழுகும்போது உள்ளே சூடு. சூடான காற்று மேலே எழும். அதன் இடத்தை நிரப்பக் குழாய் வழியே வெளிக்காற்று தானே உள்ளே போகும். அடுப்புக்குப் புகைபோக்கி வைத்ததும் காற்று இழுக்குமே, அதே தத்துவம். முழுவதும் அடைபட்ட மேட்டோடு ஒப்பிட்டால், இம்முறையில் மீதேன் பாதிதான் உண்டாகிறது என்று 2006ஆம் வருஷத்து உலகக் கணக்கு விதிகள் ஒப்புக்கொள்கின்றன. அங்கே மூச்சுக் கொடுத்தது மேல்மண்ணுக்கு அல்ல, குப்பைக்கே. ஆனாலும் ஸோங்கெனும் ஹூக்ஸும் சொன்ன அதே பாடம்தான்: காற்று கிடைத்தால் காரியம் நடக்கும்.

நம் ஊர்களிலும் குப்பைமேடுகள் உண்டு. 2022 ஏப்ரல் கடைசியில் சென்னைப் பெருங்குடி மேட்டில் பிடித்த தீ நாட்கணக்கில் புகைந்தது. அங்கே மண் திரையும் இல்லை, மூடியும் இல்லை, போர்வையும் இல்லை. ஃப்ரெஸ்னோவில் 1937இல் போட்ட முதல் படியையே நாம் பல இடங்களில் ஏறவில்லை என்பதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. இந்தச் சரித்திரத்தால் நமக்கு ஒரு லாபம் உண்டானால், நடுவில் அவர்கள் செய்த தவற்றைத் தாண்டிப் போகலாம் என்பதுதான். இறுக்கி மூடிவிட்டு, முப்பது வருஷம் கழித்துத் திணறலைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

தகப்பனாரின் உரக்குழி எனக்கு மறுபடி ஞாபகம் வருகிறது. மெழுகி முடித்ததும், அவர் ஒரு மூங்கில் கழியால் அங்கங்கே குத்தித் துளை போடுவார். சின்னப் பையனாக இருந்தபோது, "மூடின பிறகு எதற்கு ஓட்டை?" என்று கேட்டேன்.

"அதுக்கும் மூச்சு முட்டும்டா" என்றார்.

விளையாட்டாகச் சொன்னாரா, விஷயம் தெரிந்து சொன்னாரா என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.